புழக்கடைக் கணக்கு

எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் அல்ல. வேர்க்கடலையும் கேழ்வரகும் விளைகிற மேட்டு நிலம்தான் கொல்லை. வீட்டின் பின்பக்கத்தைப் புழக்கடை என்போம். கொல்லைக்குப் பட்டா உண்டு, சர்வே எண் உண்டு, அதைக் காட்டினால் கடன் கிடைக்கும். புழக்கடை என்பது கிணற்றடி, பாத்திரம் துலக்கும் கல், கோழிக்கூடு, ஒரு முருங்கை, இரண்டு பாத்தி கத்தரி, ஓர் அவரைப் பந்தல், அவ்வளவுதான். கொல்லையில் என்ன விதைப்பது என்று ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். புழக்கடையில் என்ன விதைப்பது என்று என் அம்மாவிடமும் யாரும் கேட்டதில்லை, என் அத்தையிடமும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு அது முக்கியம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த அலட்சியத்தின் நிழலில்தான் அவர்கள் இருவரும் தங்கள் விருப்பப்படி பயிர் செய்தார்கள்.

எனக்கு இரண்டு புழக்கடைகள் தெரியும். ஒன்று, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் பாலாற்றங்கரையில் இருக்கும் என் அம்மாவுடையது. இன்னொன்று, ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் என் மாமியாருடையது. நான் வாக்கப்பட்டு வந்த வீடு அது. இரண்டுக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் முதல் புழக்கடையில் நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவதில் எல்லாமே வந்துகொண்டே இருக்கிறது, கூப்பிடாதவையும் சேர்த்து.

அம்மாவின் கிணற்றில் தண்ணீர் என்றைக்கு உப்பானது என்று தேதி சொல்ல முடியாது. ஆனால் என்ன வரிசையில் செடிகள் போயின என்று அம்மா சொல்வார். முதலில் அவரை. இலை நுனி தீய்ந்து, ஓரம் சுருண்டு, பூ வைத்தாலும் உதிர்ந்துவிடும். அதற்கப்புறம் கொத்தவரை, பிறகு வெங்காயம், பிறகு எலுமிச்சை. தக்காளியும் கத்தரியும் இன்னும் சில வருடம் தாக்குப் பிடித்தன. கீரை கொஞ்சம் வந்தது. தென்னைதான் கடைசி. அதிலும் காய் சிறுத்து, குரும்பையாகவே கொட்ட ஆரம்பித்தது. "மொதல்ல தவளைதான் போச்சு. அதுக்கப்புறம்தான் அவரை. மழ பேஞ்ச ராத்திரி கெணத்தாண்ட சத்தமே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு இன்னாமோ ஆயிப்போச்சுன்னு" என்பார். தவளை தன் தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும் உயிர். நீர் கெட்டால் அதற்குத்தான் முதலில் தெரியும். இதை நான் பாடப்புத்தகத்தில் படித்தேன். அம்மா பள்ளிக்கூடமே போகாமல் கிணற்றடியில் படித்தார்.

தோல் பதனிடும் தொழில் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. முன்பு ஆவாரம் பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். வேலியோரம் தானாக வளரும் அதே ஆவாரைதான். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டவும், அரைத்துத் தேய்த்துக் குளிக்கவும் பெண்கள் பறித்து வரும் பூ. 1970களில் பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. குரோமியம் உப்பைக் கொண்டு வேகமாகப் பதனிடும் முறை பரவியது. கழிவுநீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் கால்வாய்களிலும் விடப்பட்டது. தோல் கெடாமல் இருக்கப் போடும் சாதாரண உப்பும் மூட்டை மூட்டையாக அந்த நீரோடு சேர்ந்து போனது. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் அதை அடித்துச் செல்ல வெள்ளம் ஏது? மணலுக்குள் இறங்கி, கிணறுகளுக்குள் வந்து சேர்ந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பில்தான் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கும் அதில் பதிவானது. பிறகு ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் நிலத்துக்கு ஏற்ப இழப்பீடு நிர்ணயித்தது.

இது பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹெக்டேர் என்பது கொல்லையை அளக்கும் அளவு. அரை சென்ட் அவரைப் பந்தலை அதைக் கொண்டு அளக்க முடியாது. அம்மாவின் பெயரில் நிலம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 1989இல் திருத்தம் வந்தபோது, அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்தே எழுதினார்கள். அம்மாவுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள். ஆக, பிறந்த வீட்டு நிலமும் அவருடையது இல்லை, புகுந்த வீட்டு நிலமும் அவருடையது இல்லை. அவர் இழந்தது வாரத்தில் நான்கு நாள் குழம்பு, விற்றுச் சேர்த்த சுருக்குப்பைக் காசு, மழை இரவின் தவளைச் சத்தம். இந்த இழப்புக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது?

இந்தக் கேள்வியோடுதான் நான் மலையடிவாரத்துக்கு வந்தேன். இங்கே கிணற்று நீர் இனிக்கும். கல்யாணமான புதிதில் அதைக் குடித்துவிட்டு, சர்க்கரை போட்டீர்களா என்று கேட்டேன். இந்த வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை அது.

இங்கே வருடம் சித்திரையில் வறட்சியோடு தொடங்கும். வேலூர் மாவட்டத்து வெயில் தமிழ்நாடு அறிந்தது. 40 டிகிரியைத் தாண்டினால்தான் எங்களுக்குக் கோடை வந்ததாகவே அர்த்தம். அந்த மாதங்களில் அத்தை புதிதாக எதையும் நடமாட்டார். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகும், அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு. கிணற்றடியில் ஒரு பழைய கல்தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கும். அதில் காலையில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூட்டமாய் வந்து குளிக்கும். நடுப்பகலில் கீரி வரும். சாயங்காலம் மயில் வரும். மலையில் சுனைகள் வற்றும்போது குரங்குகளும் இறங்கும். மாம்பழக் காலத்தில் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயப் பக்கமிருந்து யானைகள் பேரணாம்பட்டு மாந்தோப்புகளுக்கு வருவதும் உண்டு. எங்கள் புழக்கடை வரை யானை வந்ததில்லை. ஆனால் மாம்பழம் மணக்கத் தொடங்கினால் அத்தை ராத்திரியில் பலாக்கொட்டை சுடுவதைக்கூட நிறுத்திவிடுவார். வாசனை போகும் தூரம் நமக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு.

ஆடியில் விதைப்பு. தென்மேற்குப் பருவத்தின் ராத்திரி இடிமழை எங்கள் பக்கம் நன்றாகவே பெய்யும். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு மூன்றாவது மழைக்கு அவரை, பீர்க்கு, புடலை, சுரை ஊன்றுவோம். கத்தரி மட்டும் எங்கள் பக்கத்து முள்ளுக்கத்தரிதான். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் இந்த ரகத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணியோடு கத்தரிக்காய் இல்லாமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். பிரியாணியின் புகழ் முழுக்க ஆண் மாஸ்டர்களுக்குப் போகிறது. அந்தக் கத்தரியின் விதையை முற்றவிட்டு, பிழிந்து, சாம்பலில் புரட்டி, உலர்த்தி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்தவர்கள் யார் என்று எந்தக் கடைப் பலகையிலும் எழுதியிருக்காது. அத்தையின் விதை அடுப்பங்கரை உத்தரத்தில் தொங்கும் துணி முடிச்சில் இருக்கிறது. புகை பட்டால் பூச்சி அண்டாது.

ஆவணியில் வேலியோர நந்தியாவட்டையில் தையல்சிட்டு கூடு கட்டும். இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து, இலையைப் பையாகத் தைக்கும். தைப்பது பெரும்பாலும் பெண் பறவைதான். அதே வேலியின் இந்தப் பக்கம் என் ஓரகத்தி உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைப்பார். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இது நடக்கிறது. வெட்டிய தோலை ஏஜென்ட் கொண்டு வந்து போடுவார், பெண்கள் கையால் தைத்துக் கொடுப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மெழுகு நூலை இழுத்து இழுத்து விரல் வெடித்திருக்கும். இடுப்பும் கண்ணும் சீக்கிரமே போய்விடும். அந்த ஷூ ஐரோப்பாவின் கடைத்தெருவில் என்ன விலைக்குப் போகிறது என்பது தைப்பவருக்குத் தெரியாது. கம்பெனிக் கணக்கில் அவர் தொழிலாளி இல்லை. வீட்டில் கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்தில் தைக்கிறாள்" என்பார்கள். புழக்கடை வேலைக்கும் இதே பெயர்தான்: சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது. எங்கள் வீட்டுப் பெண்கள் சும்மா இருந்த ஒரு நேரத்தை இந்த இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் கடலைச் செடி காய் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்கும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுது போட்டுவிடும். அப்படி நாசமான ஒரு வருடம் கொழுந்தனார் கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்து நேராகக் கரண்ட் கொடுப்பதாகச் சொன்னார். அக்கம்பக்கத்தில் சிலர் செய்வதுதான். கொல்லைக் காரியத்தில் வாய் திறக்காத அத்தை அன்று திண்ணைக்கே வந்து நின்றார். "கம்பிய இழுத்தா பன்னி மட்டுமா சாவும்? விடியறதுக்கு முன்னாடி வெறவுக்கும் புல்லுக்கும் அந்த வழியா போறது யாரு? நீயா போற? நாங்கதானே போறோம்" என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

அத்தை சொன்னது மிகை இல்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படித் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பக்கத்தில் தவித்து நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டு வந்தது. இத்தகைய கம்பிகளில் மனிதர்கள் செத்ததும் அடிக்கடி செய்தியாகிறது.

கம்பிக்குப் பதில் அத்தை பழைய புடவைகளைக் கேட்டார். தெருவில் வீடு வீடாகப் போய் வாங்கி, கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டு, புடவைகளை இழுத்துக் கட்டினோம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிற வழக்கம்தான். மனித வாசனைக்கும் காற்றில் ஆடும் நிறத்துக்கும் பன்றி கொஞ்சம் தயங்கும். வேலியோரம் கிளுவைக் குச்சிகளையும் நெருக்கி நட்டோம். பன்றி முழுக்க நிற்கவில்லை. கால்வாசி கடலை அதற்குத்தான் போகிறது. ஆனால் அந்த வழியில் இதுவரை யாரும் சாகவில்லை. அத்தைக்கு இது லாபக் கணக்கு. கொழுந்தனாருக்கு இன்றும் நஷ்டக் கணக்கு. அந்த வாக்குவாதம் ஒவ்வொரு புரட்டாசியிலும் திரும்ப வரும்.

ஐப்பசி, கார்த்திகை பாம்பின் காலம். வளையில் மழைத்தண்ணீர் புகுந்தால் அவை மேட்டுக்கு வரும். மேடு என்பது நம் வீடு. எங்கள் வைக்கோல் போரில் ஒரு சாரைப்பாம்பு பல வருடமாகக் குடியிருக்கிறது. ஆறடிக்குக் குறையாது. அது இருப்பதால் எலி இல்லை, எலி இல்லாததால் எலியைத் தேடி வரும் நல்ல பாம்பும் குறைவு என்று அத்தை நம்புகிறார். விருந்தாளிகள் அடிக்கச் சொன்னால் "அது பாட்டுக்கு இருக்குது, நீங்க பாட்டுக்கு இருங்க" என்பார். விரியன் விஷயத்தில் இந்தத் தாராளம் கிடையாது. கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு ஆகிய நான்கின் விஷத்திலிருந்துதான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த விஷத்தில் பெரும்பங்கைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. இனி ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லது. நான் அதோடு இன்னொன்றையும் கேட்கிறேன்: கடிபட்ட பெண் அப்போது என்ன வேலையில் இருந்தாள் என்றும் எழுதுங்கள். விறகு அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவும்போதா, இருட்டில் கோழிக்கூட்டை மூடும்போதா, கழிப்பறை இல்லாமல் ஒதுங்கும்போதா? அதை எழுதினால் எதை மாற்ற வேண்டும் என்பது தானாகத் தெரியும். எங்கள் வீட்டில் டார்ச் லைட் ஆண்களின் வண்டிச் சாவியோடுதான் மாட்டியிருந்தது. இப்போது அது அடுப்பங்கரை வாசலில் தொங்குகிறது. விறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கல் மேல் அடுக்கப்படுகிறது. பெரிய சீர்திருத்தம் இல்லைதான். ஆனால் இதற்கே இரண்டு வருடம் சண்டை போட வேண்டியிருந்தது.

மார்கழியும் தையும் அறுவடை. பனியில் அவரை கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஆவாரை பூக்கும். தேன்சிட்டு பூசணிப் பூ வரைக்கும் வந்து பார்க்கும். வருடத்தில் மனசு லேசாக இருக்கிற மாதங்கள் இவை. சென்ற சில வருடங்களாக அந்த லேசும் குறைந்துவிட்டது, காரணம் சிறுத்தை.

2024 ஜூனில் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே ஒரு சிறுத்தை புகுந்து, பள்ளி வளாகத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் ஓடியது. மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதே டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே மலையடிவார ஊர் ஒன்றில் ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. எங்கள் ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

அதற்கடுத்த வாரமே கட்டளைகள் வந்தன. பெண்கள் ஆறு மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் வேண்டாம். விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வேலையை விடட்டும். ஆண் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்பினார்கள். அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. சிறுத்தைக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. ஊருக்குத் தெரியும். பயம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்த ஆபத்து வந்தாலும் அதற்கு மருந்தாக முதலில் பூட்டப்படுவது பெண்தான். ஷூ கம்பெனி வேலையை விட்டால் அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் போகும். பத்தாம் வகுப்புப் பெண் டியூஷனை விட்டால் அடுத்த வருடம் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். சிறுத்தை கண்ணில் படாமலேயே இவ்வளவையும் கொண்டு போய்விடும்.

2025 ஜனவரி 26 கிராம சபைக்கு எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து போனோம். மலையோரத் தெருவில் எரியாத விளக்குகள், பஸ் நிற்கும் இடம் வரை மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம், வீட்டுக்கொரு கழிப்பறை என்று கணக்கில் காட்டினாலும் தண்ணீர் வராத கழிப்பறைகள், தெருவில் கொட்டும் கோழிக் கழிவு. அதற்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். ஒவ்வொன்றாகச் சொன்னோம். யார் வீட்டுப் புழக்கடையில் எந்த மாதம் எந்தத் தடம் பார்த்தோம் என்பதையும் சொன்னோம். வந்திருந்த அலுவலர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். இத்தனை விவரம் இதுவரை ஏன் யாரும் சொல்லவில்லை என்றார். இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார் என் ஓரகத்தி. இரண்டு மாதத்தில் விளக்கு எரிந்தது. முள் இன்னும் வெட்டப்படவில்லை. பெண்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து பஸ்ஸுக்குப் போகிறார்கள். ஒருத்தியும் வேலையை விடவில்லை.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மனிதர்கள் பூமியை எப்படி மாற்றினார்கள் என்று ஆராய ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்ட ஒரே பெண் அறிஞர் இ.கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897இல் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, கடைசிக் காலத்தைச் சென்னை மதுரவாயலில் செடிகளோடு கழித்த தாவரவியலாளர். அங்கே அவர் பேசியது இந்தியாவின் வாழ்வாதார விவசாயத்தைப் பற்றியும், குடும்பத்தின் சொத்தோடு அதன் செடிகொடிகளையும் பெண்கள் நிர்வகித்த தாய்வழி மரபுகளைப் பற்றியும். பெண்ணின் கையில் நிர்வாகம் இருந்தால் அவள் அறிவும் கணக்கில் வரும். நிர்வாகத்தை எடுத்துவிட்டால் அதே அறிவு கைப்பக்குவம், பழக்கம், சும்மா இருக்கிற நேரத்து வேலை என்று பெயர் மாறிவிடும்.

எங்கள் கிராம சபைக்கு நான்கு நாள் கழித்து, ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் அரசு வசூலிக்க வேண்டும். ஆற்றை மீட்பதைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைய வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருடத்துக்கும் மேல். அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பணத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "அந்தக் கமிட்டிக்காரங்க வந்தா நம்ம கெணத்தயும் வந்து பாப்பாங்களா?" என்று கேட்டார். அவர்கள் வருகிறார்களோ இல்லையோ, எந்தச் செடி எந்த வருடம் போனது என்று அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. முதல் வரியில் தவளை.